போர்த்துகீசியர் ஹிஸ்பானிக்கா, லத்தினோவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வரியில் பதில் கிடைக்குமா?

அமெரிக்க மத்திய அரசின் பொதுக் கணக்கில் போர்த்துகீசியர் ஹிஸ்பானிக்கும் இல்லை, லத்தினோவும் இல்லை. ஜெர்மானியர், இத்தாலியர் போல ஐரோப்பிய வம்சாவளியினராகவே எண்ணப்படுகிறார்கள். ஆனால் அதே நாட்டில், சில மாநிலங்களின் ஒப்பந்தச் சட்டங்களைப் புரட்டினால் அதே ஆள் ஹிஸ்பானிக் ஆகிவிடுவார். "நான் யார்?" என்று யோசிப்பதற்கு முன், கேள்வி கேட்பது எந்தப் படிவம் என்று பார்த்துவிடுவது நல்லது. இந்தக் குழப்பத்தில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஹிஸ்பானிக், லத்தினோ இரண்டும் ஒன்றுதானே?

அமெரிக்க அரசுப் படிவங்களில் ஒன்றுதான். 1997 முதல் "ஹிஸ்பானிக் அல்லது லத்தினோ" என்று சேர்த்தே அச்சிடுகிறார்கள். கிழக்கு மாநிலங்களில் முதல் சொல்லும் மேற்கில் இரண்டாவதும் அதிகம் புழங்கியதால் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

பேச்சு வழக்கில் வேறுபாடு உண்டு. ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிஷ் மொழியோடும் ஸ்பெயினோடும் தொடர்புள்ளவர். லத்தினோ என்றால் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர் அல்லது அவர் வழித்தோன்றல். மெக்சிகோக்காரர் இரண்டும். மாட்ரிட்காரர் ஹிஸ்பானிக், ஆனால் லத்தினோ இல்லை. பிரேசில்காரர் லத்தினோ, ஆனால் ஹிஸ்பானிக் இல்லை. லிஸ்பன்காரர் மொழியால் முதல் வட்டத்துக்கு வெளியே, நிலத்தால் இரண்டாவது வட்டத்துக்கு வெளியே.

போர்த்துகலும் பழைய "ஹிஸ்பானியா"வின் பகுதிதானே? அப்படியானால் சொல் பொருந்த வேண்டாமா?

சொல்லின் வேரைப் பிடித்துப் போனால் பொருந்தும். ரோமானியர் ஹிஸ்பானியா என்றது ஐபீரியத் தீபகற்பம் முழுவதையும். இன்றைய போர்த்துகலின் பெரும்பகுதி அதன் லூசிதானியா மாகாணத்தில் இருந்தது. அந்த மாகாணத்தின் தலைநகரோ இன்று ஸ்பெயினில் இருக்கும் மெரிதா. வட போர்த்துகலின் பிராகா நகரப் பேராயருக்கு "ஸ்பெயின்களின் முதன்மைப் பேராயர்" என்ற பட்டம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிரிவு வந்தது அரசியலால். 1143இல் சமோரா உடன்படிக்கையில் போர்த்துகல் தனி அரசாக ஏற்கப்பட்டது. 1179இல் போப்பாண்டவரின் ஆணை அதை உறுதிசெய்தது. 1580 முதல் 1640 வரை ஸ்பெயின் மன்னர்களே போர்த்துகலையும் ஆண்டார்கள். அந்தப் பிடியிலிருந்து மீண்டதை டிசம்பர் 1 அன்று போர்த்துகல் இன்றும் தேசிய விடுமுறையாகக் கொண்டாடுகிறது. ஸ்பெயினைச் சுட்டும் ஒரு சொல்லைத் தங்கள்மேல் ஒட்டினால் அவர்கள் முகம் சுளிப்பது ஏன் என்பதற்கு இந்த ஒரு விடுமுறை போதும்.

லத்தீனிலிருந்து பிறந்த மொழியைப் பேசுபவர்கள் லத்தினோ இல்லையா?

ஐரோப்பாவில் "லத்தீன் மக்கள்" என்றால் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ருமேனியர், போர்த்துகீசியர் எல்லாருமே அடங்குவர். லிஸ்பனில் ஒருவர் போர்த்துகீசிய மொழியிலேயே தன்னை "லத்தினோ" என்று சொல்லிக்கொண்டால் அதில் தவறே இல்லை.

அமெரிக்க ஆங்கிலத்தில் புழங்கும் "லத்தினோ" வேறு சொல். அது "லத்தினோஅமெரிக்கானோ" என்ற நீண்ட ஸ்பானிஷ் சொல்லின் சுருக்கம். "லத்தீன் அமெரிக்கா" என்ற பெயரே 1850களில்தான் பரவத் தொடங்கியது. சிலியின் பிரான்சிஸ்கோ பில்பாவோவும் கொலம்பியாவின் தோரெஸ் கைசேதோவும் 1856இல் அதைப் பயன்படுத்தினார்கள். சொல் ஒன்று, பொருள் இரண்டு. இணையத்தில் நடக்கும் சண்டைகளில் ஒருவர் முதல் பொருளிலும் மற்றவர் இரண்டாவதிலும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்க அரசு இந்த வரையறையை எப்போது, எப்படி எழுதியது?

நான்கு ஆண்டுகளை நினைவில் வைத்தால் போதும்.

1976இல் அமெரிக்க நாடாளுமன்றம் "ஸ்பானிஷ் வம்சாவளி" அமெரிக்கர்களைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டச் சொல்லிச் சட்டம் இயற்றியது. மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய – தென் அமெரிக்கா, "பிற ஸ்பானிஷ் பேசும் நாடுகள்" என்பது அதன் சொற்றொடர். போர்த்துகல் வெளியே நின்றது இந்தக் கடைசிச் சொற்களால்தான்.

1977இல் மத்திய வரவு செலவு அலுவலகம் 15ஆம் எண் வழிகாட்டு ஆணையை வெளியிட்டது. மெக்சிகன், புவேர்ட்டோ ரிக்கன், கியூபன், மத்திய அல்லது தென் அமெரிக்கர், "அல்லது பிற ஸ்பானிஷ் பண்பாட்டையோ பூர்வீகத்தையோ சேர்ந்தவர், இனம் எதுவாயினும்" என்று அது வரையறுத்தது. 1997 திருத்தம் "லத்தினோ"வைச் சேர்த்தது. உள்ளடக்கம் ஏறக்குறைய அப்படியே நின்றது.

2024 மார்ச்சில் வந்த திருத்தம் பெரிது. இனம் என்ன, ஹிஸ்பானிக்கா என்று தனித்தனியாக இருந்த இரு கேள்விகளை அது ஒன்றாக்கியது. எடுத்துக்காட்டு நாடுகள் கூடின. "ஸ்பானிஷ் பண்பாடு அல்லது பூர்வீகம்" என்ற அடிப்படை மாறவில்லை. போர்த்துகீசியர் இப்போதும் உள்ளே வரவில்லை. அலுவலகங்கள் மாறிக்கொள்ள ஐந்து ஆண்டு அவகாசம் தரப்பட்டதால், பழைய வடிவமும் புதிய வடிவமும் கொஞ்ச காலம் கலந்தே கையில் கிடைக்கும்.

இந்த வரையறைகளில் தோலின் நிறம் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "போர்த்துகீசியர் வெள்ளையர், அதனால் ஹிஸ்பானிக் இல்லை" என்ற வாதம் தவறு. வெள்ளை நிற ஸ்பெயின்காரர் ஹிஸ்பானிக்தான்.

ஸ்பெயின்காரர் உண்டு, போர்த்துகீசியர் இல்லை என்பது விசித்திரமாக இல்லையா?

விசித்திரம்தான். மினோ ஆற்றின் வடகரையில் ஸ்பெயினின் துய் நகரம், தென்கரையில் போர்த்துகலின் வலென்சா. நடுவே 1886இல் கட்டிய இரும்புப் பாலம். வடகரையில் பேசும் கலிசிய மொழியும் தென்கரைப் போர்த்துகீசியமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரு கரையிலிருந்தும் ஒவ்வொருவர் அமெரிக்கா போனால் வடகரைக்காரர் ஹிஸ்பானிக், தென்கரைக்காரர் இல்லை. வரையறை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது மெக்சிகன், புவேர்ட்டோ ரிக்கன், கியூபன் சமூகங்கள் எதிர்கொண்ட பாகுபாடு; ஸ்பெயின் "பிற" என்ற சொல்லின் வழியாக உடன் நுழைந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் போர்த்துகீசிய வம்சாவளியினர் எதை நிரப்ப வேண்டும்?

2020 படிவத்தை வைத்துச் சொல்கிறோம். முதலில் "ஹிஸ்பானிக், லத்தினோ அல்லது ஸ்பானிஷ் பூர்வீகமா?" என்ற கேள்வி வரும். அதில் "இல்லை" என்ற கட்டம். அடுத்து இனம் பற்றிய கேள்வி. வெள்ளையர் என்றால் அந்தக் கட்டத்தைக் குறித்து, கீழே உள்ள கோட்டில் "போர்த்துகீசியர்" என்று எழுத வேண்டும். பலர் கட்டத்தைக் குறித்துவிட்டுக் கோட்டைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அப்போது வெள்ளையர் எண்ணிக்கையில் ஒன்று கூடும், போர்த்துகீசியர் எண்ணிக்கையில் கூடாது. 2020 கணக்கெடுப்புக்கு முன் போர்த்துகீசிய அமெரிக்கத் தலைமைக் குழு என்ற அமைப்பு பிரசாரம் நடத்தியதே இந்தக் கோட்டை நிரப்ப வைக்கத்தான்.

முதல் கேள்வியில் "ஆம், வேறு" என்று குறித்து "போர்த்துகீசியர்" என்று எழுதினால்? யாரும் வீட்டுக்கு வந்து கேட்க மாட்டார்கள். கேள்வி சுய அறிவிப்புதான். ஆனால் தரவைக் குறியீடாக்கும் கட்டத்தில் கணக்கெடுப்புத் துறை அந்தப் பதிலை "ஹிஸ்பானிக் இல்லை" என்று மாற்றிவிடும். பிரேசிலியர், பிலிப்பினோ பதில்களுக்கும் இதே கதி.

ஒரு வருடம் இந்தச் சல்லடை ஓட்டையானது. கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் அமெரிக்கச் சமூக ஆய்வில், 2020இல், குறியீட்டுப் பிழையால் பிரேசிலியர் பதில்கள் மாற்றப்படாமல் நின்றன. முந்தைய ஆண்டு 14,000 ஆக இருந்த ஹிஸ்பானிக் பிரேசிலியர் எண்ணிக்கை ஒரேயடியாக உயர்ந்து குறைந்தபட்சம் 4,16,000 ஆனது. 2021இல் மறுபடி 16,000. அமெரிக்காவிலுள்ள பிரேசிலியரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தங்களை அந்தக் கட்டத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள் என்பது அந்தப் பிழையால்தான் வெளியே தெரிந்தது. பியூ ஆய்வு மையம் 2023இல் இதை எழுதியது. 2020 ஆண்டுத் தரவை எடுத்துக் கட்டுரை எழுதுபவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொரு பழைய சறுக்கல்: 1970இல் இந்தக் கேள்வியை 5% வீடுகளிடம் மட்டும் முதன்முதலாகக் கேட்டபோது "மத்திய அல்லது தென் அமெரிக்கர்" என்ற விடையை, அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தெற்கு மாநிலங்களிலும் வாழ்ந்தவர்கள் தங்களைத்தான் சொல்கிறது என்று நினைத்துக் குறித்துவிட்டார்கள்.

பெற்றோரில் ஒருவர் போர்த்துகீசியர், மற்றவர் புவேர்ட்டோ ரிக்கோக்காரர் என்றால்?

ஹிஸ்பானிக் என்று தாராளமாகக் குறிக்கலாம். பாதி, கால் என்ற அளவுகோல் படிவத்தில் இல்லை. இனக் கேள்விக்குக் கீழே போர்த்துகீசியப் பக்கத்தையும் எழுதிவிடுங்கள். வெனிசுவேலாவில் பிறந்த, போர்த்துகலின் மதேய்ரா தீவு வம்சத்தவரும் இப்படித்தான். மதேய்ராவிலிருந்து பெருங்கூட்டம் வெனிசுவேலா போய்க் குடியேறியது. அவர்களின் பிள்ளைகள் "தென் அமெரிக்கர்" என்ற சொல்லின்கீழ் வந்துவிடுகிறார்கள்.

அரசு ஒப்பந்தம் எடுக்கும் தொழில் நிறுவனங்களுக்கு விதி வேறு என்கிறார்களே?

ஆமாம். பணம் புரளும் இடம் என்பதால் இங்கே சொற்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும்.

மத்தியப் போக்குவரத்துத் துறையின் பின்தங்கிய தொழில் நிறுவனத் திட்டம் நெடுஞ்சாலை, விமான நிலையப் பணிகளுக்கானது. அதன் விதியில் "ஹிஸ்பானிக் அமெரிக்கர்" என்பதன் பொருள் "பிற ஸ்பானிஷ் *அல்லது போர்த்துகீசியப்* பண்பாடு அல்லது பூர்வீகம்" என்று நீட்டப்பட்டிருந்தது. கணக்கெடுப்பில் இல்லாத இரண்டு சொற்கள். அதனால் நிறுவன உரிமையில் 51 சதவீதமோ அதற்கு மேலோ போர்த்துகீசிய வம்சாவளியினர் கையில் இருந்து, நிர்வாகமும் அவரிடமே இருந்தால், அவர் சமூகரீதியில் பின்தங்கியவர் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொண்டார்கள். சொத்து வரம்பு போன்ற மற்ற நிபந்தனைகள் தனி. 2025 அக்டோபரில் வந்த இடைக்கால விதி, இனத்தை வைத்துச் செய்யும் இந்த ஊகத்தையே எல்லாப் பிரிவினருக்கும் எடுத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு விண்ணப்பதாரரும் தன் பின்தங்கிய நிலையைத் தனியே நிறுவ வேண்டும். பழைய கையேட்டை வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள் சிக்குவது இங்கேதான்.

மாநிலங்கள் தனித்தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. புளோரிடாச் சட்டத்தில் ஹிஸ்பானிக் அமெரிக்கர் என்றால் "ஸ்பானிஷ் அல்லது போர்த்துகீசியப் பண்பாட்டவர்". ஸ்பெயினோடு போர்த்துகலின் பெயரும் நேரடியாக அச்சாகியிருக்கிறது. கனெக்டிகட் "போர்த்துகல் உள்ளிட்ட ஐபீரியத் தீபகற்பம்" என்று தனி வரி போட்டது. ரோட் ஐலண்ட் ஹிஸ்பானிக்கிற்குள் சேர்க்காமல் "போர்த்துகீசியர்" என்றே ஒரு சிறுபான்மைப் பிரிவை வைத்து, பிரேசிலியரையும் அதில் அடக்கியது.

மாசசூசெட்ஸின் ஏற்பாடு எல்லாவற்றிலும் வேடிக்கை. அங்கே சிறுபான்மை நிறுவனச் சான்றுக்கு "மேற்கு அரைக்கோள ஹிஸ்பானிக்" என்பதுதான் சொல். கடலுக்கு அப்பாலுள்ள ஸ்பெயின் அதில் வராது. போர்த்துகீசிய நிறுவனங்களுக்கோ தனியாக ஒரு சான்று உண்டு. முன்பு போர்த்துகீசிய ஆட்சியில் இருந்த ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டேயின் வழிவந்தவர்களும் தனிப் பெயரோடு பட்டியலில் இருக்கிறார்கள். மத்தியக் கணக்கெடுப்பில் ஸ்பெயின்காரர் உள்ளே, போர்த்துகீசியர் வெளியே. இந்த மாநிலத்தில் தலைகீழ்.

நடைமுறை இதுதான்: எந்த அலுவலகத்தின் ஒப்பந்தமோ, அதன் சட்டத்தில் "வரையறைகள்" பிரிவைத் திறந்து, "போர்த்துகீசிய", "ஐபீரிய" என்ற இரு சொற்களைத் தேடுங்கள். ஒன்றாவது இருந்தால் விண்ணப்பிக்கலாம். "ஸ்பானிஷ் பண்பாடு" மட்டும் இருந்தால் வேண்டாம். பிறப்புச் சான்று, பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டியின் குடியேற்ற ஆவணம், ஞானஸ்நானப் பதிவு ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள், சான்றளிப்பவர் கேட்கக்கூடும். கணக்கெடுப்புப் படிவத்தைப் போல இங்கே வாய்ச்சொல் போதாது. பொய்யான உறுதிமொழி குற்றம்.

கல்லூரி விண்ணப்பத்தில்?

பல பல்கலைக்கழகங்களுக்கு ஒரே விண்ணப்பமாகப் பயன்படும் "காமன் ஆப்" படிவத்தில் ஹிஸ்பானிக் என்று குறித்தால் விரியும் பட்டியலில் ஸ்பெயின் உண்டு, போர்த்துகல் இல்லை. ஐரோப்பா என்பது வெள்ளையர் பிரிவின்கீழ் வருகிறது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டதால், இந்தக் கட்டத்தால் கிடைக்கும் ஆதாயம் என்று பெரிதாக எதுவும் இல்லை. தனியார் உதவித்தொகைகள் தங்கள் விருப்பப்படி வரையறுப்பவை. "ஐபீரோ அமெரிக்க", "லூசோ" (போர்த்துகீசிய என்று பொருள்) என்ற சொற்கள் இருந்தால் போர்த்துகீசியருக்கு இடம் உண்டு.

வேலைக்குச் சேரும்போது தரும் படிவங்கள் மத்திய வரையறையையே பின்பற்றும். அங்கே "இல்லை".

கேப் வெர்டே, அங்கோலா, கோவா, கிழக்குத் தீமோர்க்காரர்கள்?

இவர்களுக்குப் பொதுவான சொல் லூசோபோன், அதாவது போர்த்துகீசிய மொழி வழங்கும் நாட்டவர். 1996இல் லிஸ்பனில் தொடங்கிய போர்த்துகீசிய மொழி நாடுகளின் கூட்டமைப்பில் இன்று ஒன்பது நாடுகள். அதில் 2014இல் சேர்ந்த எக்குவடோரியல் கினியா முன்னாள் ஸ்பானிஷ் குடியேற்ற நாடு! அமெரிக்கப் படிவத்தில் கோவாக்காரர் ஆசியர், அங்கோலாக்காரர் பெரும்பாலும் கறுப்பினத்தவர். போர்த்துகீசிய ஆட்சி ஒருவரை ஹிஸ்பானிக் ஆக்காது. ஸ்பானிஷ் ஆட்சியும் எல்லாரையும் ஆக்கிவிடவில்லை: முந்நூறு ஆண்டுக்கு மேல் ஸ்பெயினின் கீழ் இருந்த பிலிப்பைன்ஸ்காரர்களை ஆசியர் என்றே எண்ணுகிறார்கள்.

போர்த்துகீசிய அமெரிக்கர்களே என்ன நினைக்கிறார்கள்?

ஒரே கருத்து இல்லை. அமெரிக்காவில் பதின்மூன்று, பதினான்கு இலட்சம் பேர் போர்த்துகீசிய வம்சாவளி சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பங்கு போர்த்துகலின் அசோர்ஸ் தீவுகளின் வழி வந்தவர்கள். நியூ பெட்ஃபோர்ட், ஃபால் ரிவர், கிழக்கு பிராவிடன்ஸ், நியூவர்க்கின் அயர்ன்பவுண்ட், கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்குப் பால் பண்ணைகள் ஆகியவை அவர்களின் பழைய இடங்கள். 1957இல் அசோர்ஸின் ஃபையால் தீவில் கபெலின்யோஸ் எரிமலை வெடித்தபின், செனட்டர்கள் ஜான் கென்னடி, ஜான் பாஸ்டோர் ஆகியோர் முயற்சியில் 1958இல் வந்த அகதிகள் சட்டம் இன்னொரு அலையைக் கொண்டுவந்தது.

ஹவாயில் கதையே வேறு. 1878இல் பிரிசில்லா கப்பலில் மதேய்ராவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கக் கணக்கெடுப்புகள் "மற்ற வெள்ளையர்" என்ற வரிசையிலிருந்து பிரித்துத் தனி வரிசையில் வைத்தன. ஆக, வெள்ளையர் கட்டம் அவர்களுக்கு எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் இயல்பாகக் கிடைத்ததில்லை.

கலிபோர்னியா அரசியல்வாதிகளில் சிலர் ஹிஸ்பானிக் உறுப்பினர் குழுக்களில் சேர்ந்திருக்கிறார்கள். குடியரசுக் கட்சியினரின் நாடாளுமன்ற ஹிஸ்பானிக் மாநாடு என்ற உறுப்பினர் குழு போர்த்துகீசிய வம்சத்தவரையும் ஏற்கிறது. அசோர்ஸ் வழிவந்த டெவின் நூன்ஸ் அதில் இருந்தவர்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் ஹிஸ்பானிக் நீதிபதி யார் என்ற சர்ச்சை இதோடு சேர்ந்ததா?

ஆம். 2009இல் புவேர்ட்டோ ரிக்கோ வம்சத்தவரான சோனியா சோட்டோமேயர் நியமிக்கப்பட்டபோது, 1932 முதல் 1938 வரை இருந்த பெஞ்சமின் கார்டோசோதானே முதல்வர் என்று சிலர் கேட்டார்கள். கார்டோசோவின் குடும்பம் போர்த்துகல் வேர் சொல்லும் செஃபார்டிக் (ஐபீரியத் தீபகற்பத்து) யூதக் குடும்பம். அவர் காலத்தில் "ஹிஸ்பானிக்" என்ற அரசுப் பிரிவே கிடையாது. மத்திய வரையறையை வைத்தால் சோட்டோமேயர்தான் முதல்வர். புளோரிடாச் சட்டத்தைக் கார்டோசோவுக்கு நீட்டினால் வழக்கு இழுக்கும். எங்களுக்கு முதல் பதிலே சரியாகப் படுகிறது.

பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?

ஓரளவு. ரோட்ரிகஸ், லோபஸ், கோமஸ் போன்ற பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவை "எஸ்"ஸில் முடிந்தால் பெரும்பாலும் போர்த்துகீசியம், "இசட்"டில் முடிந்தால் ஸ்பானிஷ். சில்வா, கோஸ்டா இரு பக்கமும் உண்டு. இரட்டைக் குடும்பப் பெயரில் வரிசையும் மாறும்: ஸ்பானிஷ் வழக்கில் தந்தை பெயர் முன்னே, தாய் பெயர் பின்னே, போர்த்துகீசிய வழக்கில் தாய் பெயர் முன்னே, தந்தை பெயர் கடைசி. இதைத் தெரியாமல் ஆவணங்களில் குடும்பப் பெயரை மாற்றிப் பதிவதால் விமானச் சீட்டு முதல் வங்கிக் கணக்கு வரை பொருந்தாமல் போவதுண்டு.

அமெரிக்காவில் வாழும் தமிழர். குடும்பப் பெயர் பெர்னாண்டோ. "ஹிஸ்பானிக்" கட்டம் தானாகவே நிரம்பி வருகிறது. என்ன செய்வது?

தூத்துக்குடிப் பரதவர்களும் இலங்கைக் கரையோர மக்களும் இப்படி அடிக்கடி மாட்டுகிறார்கள். 1530களில் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது வந்த பெயர்கள் இவை. பெர்னாண்டோ, பெரைரா, ரொட்ரிகோ என்பவை ஞானஸ்நானத்தின் சுவடு, பூர்வீகத்தின் சான்று அல்ல. (போர்த்துகலில் பெர்னாண்டோ பெரும்பாலும் முதற்பெயர் என்பது தனிக் கதை.) ஹிஸ்பானிக் கேள்விக்கு "இல்லை", இனக் கேள்விக்கு ஆசிய இந்தியர் அல்லது "பிற ஆசியர் – இலங்கையர்".

மருத்துவமனை, பள்ளி, காப்பீட்டு அலுவலகங்களில் முகப்பில் இருப்பவரே பெயரைப் பார்த்து நிரப்பிவிடுவதுண்டு. பதிவுப் படியைக் கேட்டு வாங்கி, அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் கடிதங்கள் ஸ்பானிஷில் வரத் தொடங்கினால் அதுவே அடையாளம்.

ஸ்பெயின் நாடு போர்த்துகீசியரை எப்படி நடத்துகிறது?

நெருங்கிய உறவாக. ஸ்பெயினின் குடியுரிமைச் சட்டப்படி பொதுவாகப் பத்து ஆண்டுகள் வசிக்க வேண்டும். ஐபீரோ அமெரிக்க நாட்டவர், பிலிப்பைன்ஸ், அந்தோரா, எக்குவடோரியல் கினியா, போர்த்துகல் நாட்டவர், செஃபார்டிக் யூதர் ஆகியோருக்கு இரண்டே ஆண்டுகள். 1991இல் மெக்சிகோவின் குவாதலஹாராவில் தொடங்கிய ஐபீரோ அமெரிக்க உச்சி மாநாட்டிலும் போர்த்துகல் உண்டு.

நேரில் பேசும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்?

"போர்த்துகீசியர்" என்பதே போதும். ஸ்பெயினையும் சேர்த்துச் சொல்ல "ஐபீரியர்", பிரேசில், கேப் வெர்டேவையும் சேர்க்க "லூசோபோன்". ஸ்பானிஷில் பேச்சைத் தொடங்காதீர்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் புரியும், ஸ்பானிஷ்காரருக்குப் போர்த்துகீசியம் புரிவதைவிட நன்றாகவே புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.